பழைய வீட்டுக்குச் சிமெண்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் ரப்பர் தோட்டப் பட்டணங்களில் மிஞ்சியிருக்கும் பழைய குடும்ப வீடுகளைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை அவற்றின் அழகை நன்றாகச் சொன்னது. அவை எதனால் விழுகின்றன என்பதையும் சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணத்தில் பூசிய சிமெண்டு தின்று தீர்த்த வீடுகள் பல.

இவ்வீடுகள் சிலவற்றின் நெற்றியில் 1925, 1926 என்று சுதையில் ஆண்டு இருக்கும். ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1922 முதல் 1928 வரை நடப்பில் இருந்தது. 1925இல் கித்தா என்ற ரப்பரின் விலை ஏகத்துக்கும் ஏறியது. கங்காணி, கிராணி எனும் தோட்டத்து எழுத்தர், கடைக்காரர் கையில் காசு புரண்ட காலம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வரிசை வீடு கம்பெனிக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். பட்டணத்தில் சொந்தக் கிராண்டோடு, அதாவது நிலப்பட்டாவோடு, ஒரு கடைவீடு இருந்தால்தான் காலூன்ற இடம். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு லயத்து மக்கள் வீடிழந்தபோது, 1960இல், எங்கள் சுங்கை சிப்புட் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்த வலியை அறிந்துதான்.

அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி பிளாஸ்டிக் சாயம் அடித்தால் வழி அடைபட்டு, முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் இடுப்புக்கு ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். இருபது சென் காசால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் கெட்டியாகப் பூசலாம் என்பார் கட்டட வேலைக் குத்தகையாளர். வீடு தொலைவது அங்கேதான்.

முதலில் கூரைத் தூம்பையும் லோங்காங் என்ற வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். பிறகு ஈரக்கறைக்கு மேலும் ஒன்றரை அடி வரை சிமெண்டை உளியால் கொத்தி எடுக்கலாம். மின்சாரச் சுத்தியல் பழைய சுவரை உலுக்கிவிடும். சுவர் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம்! இந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? அப்புறம் நீற்றிச் சில மாதம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் ஆகாது, உப்பு திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்கு மிகாமல் இருக்கட்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிடாவிட்டால் வெடிக்கும். மேலே சாயம் வேண்டாம், சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும்.

மாடி உத்திரம் எவ்வளவு கெட்டி மரமானாலும் சுவருக்குள் புதைந்த முனை இற்றுப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நடுப்பகுதி இரும்பு, முனை நனைந்த ரொட்டி. தாங்குகோல் கொடுத்துவிட்டுக் கெட்ட முனையை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டால் போதும். மார்செய் ஓட்டுக் கூரையைக் கழற்றித் தகரம் போடச் சொன்னால் கேட்காதீர்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு, உடைந்ததை மட்டும் மாற்றலாம். இறக்கிய ஓட்டில் தேனீ முத்திரை தென்பட்டால் அது பிரான்சின் மார்செய் நகரத்து குய்ஷார் கம்பெனியின் சரக்கு. தரையில் இருக்கும் பூக்கல் பெரும்பாலும் ஆத்தங்குடிக் கல்லைப் போலச் சிமெண்டில் வார்த்தது. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூ போய்விடும்.

தார்மேல் தார் போட்டுச் சாலை, கடைவீட்டு முன் நடைபாதையான அஞ்சடியைவிட உயர்ந்துபோன இடங்களில் வீட்டுக்காரர் என்ன செய்தும் ஈரம் தீராது. அதற்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும்.

நூறு ஆண்டு ஆகாத வீட்டைப் பாரம்பரியமாகப் பதிய முடியாது என்று சிலர் ஒதுங்குகிறார்கள். நூறு ஆண்டுக் கணக்கு 1976ஆம் ஆண்டின் பழைய தொல்பொருள் சட்டத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வயதை மட்டும் பார்ப்பதில்லை; வரலாற்று முக்கியத்துவம், வடிவமைப்பு, அரிதான தன்மை எல்லாம் கணக்கில் வரும்.

அடுத்த மலரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பேச வையுங்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்