எங்கள் லொஃப்ட் அறையில் நீங்கள் செய்த இன்சுலேஷன் வேலை பற்றிய புகார்

ஹரோ, லண்டன்
2025 மார்ச் 9

மதிப்புக்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கம்பனிக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதினேன். கம்ப்யூட்டர்தான் "கிடைத்தது, நன்றி" என்று பதில் போட்டது. நம்மட ஆக்களின் கம்பனி என்றுதான், மூன்று கொட்டேஷனில் கூடிய விலை சொன்ன உங்களுக்கே வேலையைத் தந்தேன். ஆகவே இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். விளங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் லொஃப்டில், அதாவது கூரைக்கடியில் உள்ள அறையில், குளிரைத் தடுக்கிற இன்சுலேஷன் பலகை பூட்டுகிற வேலை 2024 செப்டெம்பரில் நடந்தது. 7,200 பவுண்ஸ். வீடு 1930களில் கட்டியது, கைமரங்கள் 100 மில்லிமீற்றர், ஓட்டுக்குக் கீழே பழைய தார் ஃபெல்ட், அதாவது மழைநீரைத் தடுக்கிற தார் பூசிய விரிப்பு. இதையெல்லாம் உங்கள் ஆள் டோர்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். என் மகன் ஆறடி இரண்டு அங்குலம், தலை இடிக்கக் கூடாது என்று சொன்னேன். "உயரம் ஒரு அங்குலமும் குறையாது அண்ணை" என்றார். உண்மைதான், குறையவில்லை. அது எப்படிக் குறையாமல் போனது என்பது ஜனவரியில்தான் தெரிந்தது.

ஜனவரியில் ஒருநாள் விடிய மகன் இறங்கி வந்து, கூரை ஒழுகுது என்றான். வெளியே ஒரு துளி மழை இல்லை, புல்லெல்லாம் உறைபனி. மேலே போய்ப் பார்த்தால் சாய்வுக் கூரையில் லைட் பூட்டிய ஓட்டைகளைச் சுற்றி ஈரம், மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம். அன்றைக்கே உங்களுக்கு போன் எடுத்தேன்.

உங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கிற தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணை, உங்கட வீட்டில காய்ச்சிற கறிக்கு எந்தக் கூரையும் வேர்க்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கோ." நாங்கள் கறி காய்ச்சுவது கீழே குசினியில். அங்கே வெளியே ஊதுகிற ஃபான் இருக்கிறது. நடுவில் இரண்டு கதவு, ஒரு மாடி. இருபத்தாறு வருடமாக அதே குசினியில் அதே கறி, கூரை ஒருநாளும் வேர்க்கவில்லை. அந்தத் தம்பியின் வீட்டில் என்ன, சாலட்டா சாப்பிடுகிறார்கள்? வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் நான் இனவாதம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். நம்மட பிள்ளை சொன்னதை எங்கே போய்ச் சொல்வது?

அடுத்த கிழமை, படங்களையும் பற்றுச்சீட்டையும் கொண்டு குரோய்டன் ஷோரூமுக்கு வரச் சொன்னீர்கள். கடையைப் பூட்டிவிட்டு, என்னுடைய பழைய டீசல் வானுக்கு, புகை கூடிய வாகனங்களிடம் லண்டனில் வாங்குகிற யுலெஸ் கட்டணம் 12.50 பவுண்ஸ் கட்டி, இரண்டரை மணித்தியாலம் நெரிசலில் ஊர்ந்து வந்தேன். அங்கிருந்த பிள்ளை, "முறைப்பாடு எல்லாம் ஈமெயிலில்தான் அங்கிள்" என்றா. வீட்டுக்கு வந்து ஈமெயில் போட்டேன். ஷோரூமுக்கு நேரில் வரவும் என்று பதில் வந்தது. இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

பிறகு ஒருவரை அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. அவர் பூஞ்சணத்துக்கு அடிக்கிற பெயின்ட் ஒரு டின்னோடு வந்து 150 பவுண்ஸ் கேட்டார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் 480 பவுண்ஸ் கொடுத்து, கட்டிடங்களைப் பரிசோதிக்கிற ஒரு சேர்வேயரைக் கூப்பிட்டேன். பிளாஸ்டர்போர்டில் ஒரு சதுரம் வெட்டித் திறந்தார். தினமும் இன்சுலேஷன் பலகையை விற்கிற உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். 100 மில்லிமீற்றர் கைமரத்துக்குள் 100 மில்லிமீற்றர் பலகையை இறுக்கி, தார் ஃபெல்ட்டில் முட்ட வைத்திருக்கிறீர்கள். ஃபெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் காற்றோட 50 மில்லிமீற்றர் விடவேண்டும். அந்த இடைவெளியைத் தின்றுதான் என் மகனுக்கு உயரம் தந்திருக்கிறீர்கள். கைமரத்துக்குள் பாதியும் அதற்குக் கீழே மீதியுமாகப் போட்டிருந்தால் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கும், கூரை தப்பியிருக்கும். முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் குனிந்து போயிருப்பான்.

கூரை விளிம்பில் காற்று வருகிற துளைகளைக் கம்பளிப் பஞ்சால் அடைத்திருக்கிறீர்கள். பலகை மூட்டுகளில் ஃபொயில் டேப் இல்லை. அறைப் பக்கத்து ஈரத்தைத் தடுக்கிற தாளில் லைட்டுக்காக ஆறு ஓட்டைகள். இதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் குளியலறை ஃபான்: அதன் குழாய் வெளியே போகவில்லை, கூரை மூலைக்குள் சும்மா கிடக்கிறது! மகன் குளிக்கிற சுடுதண்ணீர் ஆவி முழுக்க நேரே கைமரத்துக்குப் போகிறது. அறை 20 பாகை, ஈரப்பதன் 60 சதவீதம் என்றால், 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதிலும் தண்ணீர் படியும் என்று சேர்வேயர் சொன்னார். ஜனவரியில் அந்த ஃபெல்ட் எத்தனை பாகையில் இருந்திருக்கும்? மரத்தின் ஈரம் மீற்றரில் 27 சதவீதம் காட்டியது. 20க்கு மேல் நின்றால் உக்கத் தொடங்குமாம்.

இதைப் போனில் சொன்னபோது வேறொருவர், "உங்களுடையது மூச்சுவிடுகிற ஃபெல்ட், ஈரம் அதனூடாகவே வெளியே போகும், இடைவெளி தேவையில்லை" என்றார். தாருக்கு எங்கே ஐயா மூச்சு? உங்கள் ஆள் எழுதிக்கொண்டு போன கடதாசியை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். கட்டிட வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் அதிகாரி திங்கட்கிழமை வந்து பார்க்க இருந்ததை, வெள்ளிக்கிழமையே பிளாஸ்டர்போர்ட் அடித்து மூடியதும் நீங்கள்தான். வேலை முடிந்த சான்றிதழ் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் நாளைக்கு இந்த வீட்டை யார் வாங்குவார்?

சரி, சேதத்துக்கு வருகிறேன். கட்டில் மெத்தை, மகனின் புத்தகங்கள், இரண்டு சூட்கேஸ். அப்புறம் கூரைச் சரிவு அலுமாரியில் என் மனைவியின் கூறைச்சேலை இருந்தது. 1994இல் கட்டிய சேலை, போரிலும் இடப்பெயர்விலும் தப்பி வந்தது, உங்கள் இன்சுலேஷனில் பூஞ்சணம் பிடித்தது. கூரையும் போச்சு, கூறையும் போச்சு. அதற்கு விலை போட முடியாது. ஆனாலும் 5,000 பவுண்ஸ் என்று போட்டிருக்கிறேன்.

சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. பலகைகளைக் கழற்றி, மரத்தை உலரவிட்டு, இடைவெளியோடு திரும்பப் போட்டு, விளிம்புத் துளைகளைத் திறந்து, ஃபான் குழாயை வெளியே விட்டு, சான்றிதழும் எடுத்துத் தாருங்கள். சேர்வேயர் காசையும் தாருங்கள். இவ்வளவும் செய்தால் சேலைக் கணக்கை மனைவியோடு கதைத்துப் பார்க்கிறேன்.

14 நாள் தருகிறேன். அதற்குள் பதில் இல்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றம். 2015 நுகர்வோர் சட்டத்தில், வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று இருக்கிறது. முற்பணம் 500 பவுண்ஸை கிரெடிட் கார்டில் கட்டினேன் என்பதையும் நினைவில் வையுங்கள். 1974 கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. வங்கி உங்களிடம் கேட்கிறபோது தமிழில் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு: அந்தக் கறித் தம்பி என் மனைவிக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆறு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவ குசினியில் நிற்பா.