20 பாட்டின் மேல் பழி போட வேண்டாம்: நடு விலகி அச்சான எல்.பி. குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஆங்கில ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ, அவருடைய அட்ராக்ஷன்ஸ் குழுவின் ‘கெட் ஹேப்பி!!’ எல்.பி. (வினைல் இசைத்தட்டு) மறுபதிப்பு – இரண்டு பிரதிகளிலும் அச்சுக் குறை – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய மேற்கண்ட எல்.பி.யின் இரண்டாம் பக்கம் நடு விலகி அச்சாகியிருக்கிறது, அதாவது தட்டின் துளை பள்ளங்களின் சரியான நடுவில் இல்லை. முதல் புகாருக்கு மாற்றுப் பிரதி அனுப்பினீர்கள், நன்றி. ஆனால் அதிலும் அதே பக்கம், அதே அளவு விலகல். மறுபடி எழுதியதற்கு உங்கள் பிரிவு தந்த பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தன. உறையில் இருக்கும் வட்டத் தேய்மானத்துக்கு வருந்துகிறீர்கள், புது உறை அனுப்புகிறீர்கள். ஒரே தட்டில் 20 பாட்டை நெருக்கியிருப்பதால் ஒலி அப்படித்தான் இருக்கும் என்கிறீர்கள். டர்ன்டேபிளைச் சரிபார்க்கச் சொல்கிறீர்கள். மூன்றுமே பொருந்தாதவை.

முதலில் உறை. அந்த வட்டத் தேய்மானம் குறையே அல்ல. 1980 பிப்ரவரியில் இந்த ஆல்பம் வெளிவந்தபோதே, பல வருடம் அலமாரியில் உரசிக் கிடந்த பழைய தட்டைப் போலத் தெரிய வேண்டும் என்று வடிவமைப்பாளர் பார்னி பபிள்ஸ் அதை அச்சிலேயே வைத்தார். அறுபதுகளின் சோல் இசையை ஒட்டிய பாடல்களுக்கு அந்தக் காலத்து உறை. உங்கள் மறுபதிப்பு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த வட்டத்தை அப்படியே விட்டதுதான். அதைப் பற்றி என் புகாரில் ஒரு வரிகூட இல்லை. புது உறை வேண்டாம்.

அடுத்தது 20 பாட்டு. இதில் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்துக்குப் பத்துப் பாட்டு, ஏறக்குறைய 24 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு பக்கத்தில் முள் சுமார் 800 சுற்று ஓட வேண்டும். பாட்டுக்குக் கிடைக்கும் அகலமோ வெளி ஓரத்திலிருந்து லேபிள் பக்கம் வரை 86 மி.மீ. அளவுதான். ஆக ஒரு மில்லிமீட்டருக்குள் முள் ஓடும் பள்ளங்கள் ஒன்பதுக்கும் மேல். 18 நிமிடப் பக்கமாக இருந்தால் ஏழு போதும். பள்ளங்கள் நெருங்கினால் லாக்கர் எனும் மூலத் தட்டை வெட்டும் பொறியாளர் ஒலி அளவைக் குறைத்தாக வேண்டும், பேஸை (தாழ்ந்த ஒலிகளை) அடக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தின் ஆட்டம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரைத் தொட்டுவிடும். புரூஸ் தாமஸ் போல ஓயாமல் ஓடும் பேஸ் வாசிப்பவர் இருக்கும் குழுவுக்கு இது சின்ன இழப்பு இல்லை. இன்னொன்று, வெளி ஓரத்தில் விநாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடும் பள்ளம், லேபிள் அருகே 21 செ.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கும். முதல் பக்கத்தில் அந்தக் கடைசி இடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டின் பெயர் ‘ஹை ஃபிடலிட்டி’, அசல் மாறாத துல்லிய ஒலி என்று பொருள். வேண்டுமென்றே செய்த குறும்பாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதெல்லாம் தெரியாமல் யாரும் இந்த ஆல்பத்தை வாங்குவதில்லை. தயாரிப்பாளர் நிக் லோவே, இத்தனை நெருக்கியும் பக்கத்தின் முடிவில் ஒலித்தரம் குறையவில்லை என்று உறையிலேயே ஒரு உத்தரவாதக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒலி கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, உள்வட்டத்தில் கரகரப்பு இருக்கிறது என்பதெல்லாம் என் புகார் என்றால் உங்கள் பதில் சரி. என் புகார் வேறு. நெருக்கம் ஒலியைத் தாழ்த்தும், சுருதியை அசைக்காது. சுருதி அசைந்தால் காரணம் வெட்டிய இடத்தில் இல்லை, அச்சடித்த இடத்தில் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ரயட் ஆக்ட்’. மெதுவான பாட்டு. குரலும் ஸ்டீவ் நீவின் கீபோர்டும் சுரங்களைப் பிடித்து நிறுத்தும் இடங்கள் அதில் உண்டு. அந்த இடங்களில் சுருதி மேலே போய்க் கீழே வருகிறது. ஒரு முறை போய்வர 1.8 விநாடி, அதாவது தட்டின் ஒரு முழுச் சுற்று. காஸ்டெல்லோ இங்கே கமகம் பாடவில்லை, தட்டு பாடுகிறது.

அளந்த முறை இது. முள்ளைத் தாங்கும் டோன்ஆர்முக்கு நேர் மேலே கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்மின் தலைக்குப் பின்னால் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து, கடைசி இரண்டு நிமிடத்தைப் படம் பிடித்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் தலை பக்கவாட்டில் 1 மி.மீ. போய்வருகிறது. அப்படியானால் துளை, பள்ளங்களின் உண்மையான நடுவிலிருந்து அரை மி.மீ. விலகியிருக்கிறது. ‘ரயட் ஆக்ட்’ ஓடும் இடத்தில் ஆரம் சுமார் 65 மி.மீ. அரையை 65ஆல் வகுத்தால் 0.77 சதவீதம். மேலே 13 சென்ட், கீழே 13 சென்ட் விலகல். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்பதால், உச்சத்துக்கும் அடிக்கும் இடையே கால்வாசி அரைச்சுரம். இதே விலகல் பக்கத்தின் முதல் பாட்டான ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் அப் ஃபார் ஃபாலிங் டவுன்’ ஓடும் இடத்தில் 6 சென்ட்தான். அது வேகமான பாட்டும்கூட, அதனால் காதில் படாமல் போய்விடும். உங்கள் ஆள் முதல் பாட்டை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் இதுவே.

டர்ன்டேபிள் மேல் தவறில்லை என்பதற்கும் சோதனை உண்டு. லேபிள் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டு ஒட்ட வேண்டும். ஆர்ம் அதிகமாக வெளியே தள்ளும்போது பொட்டு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கீழே தட்டைத் தாங்கிச் சுழலும் பிளேட்டரை அசைக்காமல், தட்டை மட்டும் எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். கோளாறு பிளேட்டரில் இருந்தால் ஆட்டத்தின் உச்சம் பொட்டை விட்டு எதிர்ப்பக்கம் போயிருக்கும். இங்கே பொட்டோடு ஒட்டியே வந்தது. அதே டர்ன்டேபிளில், அதே முள் எடையில் ஓடிய வேறு எல்.பி.கள் ஆடவில்லை. இதே தட்டின் முதல் பக்கமும் ஆடவில்லை. தட்டு வளைந்திருந்தால் ஆர்ம் மேலும் கீழும் துள்ளும். இது பக்கவாட்டு ஆட்டம்.

ஒரு பக்கம் மட்டும் ஆடுவதற்குக் காரணம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்டாம்பர், அதாவது வினைலில் பள்ளங்களைப் பதிக்கும் உலோக அச்சு. இரண்டாம் பக்கத்து ஸ்டாம்பருக்கு நடுத்துளை போட்டவர் அரை மி.மீ. தவறவிட்டிருக்கிறார். இரண்டு பிரதிகளிலும் விலகல் ஒன்றே. லேபிள் அருகே செதுக்கிய எண்ணும் ஒன்றே. எனவே அந்த ஸ்டாம்பரில் இறங்கிய சரக்கு முழுவதும் இப்படித்தான் இருக்கும். மூன்றாவது பிரதி அனுப்புவது தபால் செலவுக்கு மட்டுமே உதவும்.

இரண்டாவது குறை, பள்ளம் நிரம்பாமை. முதல் பிரதியில் ‘மோட்டல் மேட்சஸ்’ பாட்டில் சுமார் இருபது சுற்று, அரை நிமிடத்துக்கு மேல், வலது ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவதுபோலச் சரசரப்பு. மாற்றுப் பிரதியில் அது அடுத்த பாட்டான ‘ஹ்யூமன் டச்’சுக்கு நகர்ந்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் சாம்பல் பூத்தாற்போல ஒரு பட்டை தெரியும். தூசி அல்ல. காய்ச்சி வடித்த நீரில் கழுவி, காயவைத்து மறுபடி பதிவு செய்தபோதும் அதே இடத்தில் அதே சத்தம். அச்சு எந்திரத்தில் வினைல் உருண்டைக்குப் போதிய சூடோ அழுத்தமோ கிடைக்காதபோது, அல்லது அவசரமாகத் தட்டை வெளியே எடுக்கும்போது, பிளாஸ்டிக் பள்ளத்தின் சுவர்வரை போய் நிரம்புவதில்லை. நடு விலகல் இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் இருப்பதும், இந்தப் பட்டை இடம் மாறுவதும், முன்னது ஸ்டாம்பரின் தவறு, பின்னது எந்திரத்தை ஓட்டிய விதத்தின் தவறு என்று பிரித்துக் காட்டுகின்றன. இதற்கும் 20 பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

சின்னதாக ஒன்று. உங்கள் விற்பனை விவரத்தில் புரூஸ் தாமஸ், பீட் தாமஸ் இருவரையும் சகோதரர்கள் என்று போட்டிருக்கிறீர்கள். ஒருவர் பேஸ், ஒருவர் டிரம்ஸ், உறவு ஏதுமில்லை. எல்லாப் பாட்டுக்கும் குழுவே வாசித்ததாகவும் இருக்கிறது. ‘நியூ ஆம்ஸ்டர்டாம்’ காஸ்டெல்லோ தனியாகவே எல்லா வாத்தியங்களையும் வாசித்துப் பதிந்தது. இதற்குப் பணம் கேட்கவில்லை, திருத்தினால் போதும்.

நான் கேட்பது இவை: எல்.பி.யின் முழு விலையும், நான் கட்டிய அனுப்புச் செலவும் 15 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். இரண்டு தட்டுகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் மிச்சமிருப்பதில் ஐந்து பிரதிகளையாவது பிரித்து, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஆர்ம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆடினால் விற்பனையை நிறுத்திவிட்டு, தயாரித்த ஆலைக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு ஸ்டாம்பரில் அச்சான சரக்கு வந்தால் பணத்துக்குப் பதில் அதை ஏற்கிறேன், நீங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு. மேற்சொன்ன கெடுவுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ஆர்ம் ஆட்டத்தின் வீடியோ, கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஒலிப்பதிவுகள், செதுக்கிய எண்களின் படம், ரசீது நகல் ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தட்டுகளை எடுக்க வருபவரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: பயணத்தில் ஓரம் இடித்து உறை கிழியாமலிருக்க, தட்டுகளை உறைக்கு வெளியே உள்ளுறையோடு தனியாக வைத்துக் கட்டியிருக்கிறேன். உறைக்குள் தட்டு இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்