பாபு வரைந்த படமும் எடுத்த படமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தெலுங்கு இயக்குநர் பாபுவைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சென்னையிலேயே கழித்து, 2014 ஆகஸ்டில் இங்கேயே காலமானவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் சந்தோஷம்தான். ஆனால் 'ஓய்வு நேரத்தில் ஓவியமும் வரைவார்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

நடந்தது நேர்மாறு. பத்திரிகைகளில் கார்ட்டூன் போட்டு, கதைகளுக்குப் படம் வரைந்து பேர் வாங்கிய பிறகுதான் 1967-ல் தன் முதல் படமான 'சாட்சி'யை எடுத்தார். தெலுங்கில் ஒரு பெண் லட்சணமாக இருந்தால் 'பாபு பொம்மை' என்பார்கள். பொம்மை என்றால் அங்கே சித்திரம். ஒரு ஊரே அழகுக்கு அவர் பேரை வைத்திருக்கிறது, நீங்கள் ஓய்வு நேரம் என்கிறீர்கள்!

படப்பிடிப்புக்குப் போகும் முன்பே காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். 'சீதா கல்யாணம்' (1976) பார்த்தவர்களுக்குக் கங்கை இறங்கி வரும் காட்சி மறக்காது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ரவிகாந்த் நகாய்ச்சின் தந்திரக் காட்சிகள். ஆனாலும் வித்தை காட்டுகிற மாதிரி இருக்காது, காலண்டர் சித்திரம் ஒன்று மெல்ல அசைவது மாதிரி இருக்கும். அதற்கு முந்தின வருஷம் வந்த 'முத்யால முக்கு'வைக் கேட்டால், உத்தர ராமாயணத்தைக் கோதாவரிக் கரைக்குக் கொண்டுவந்து வைத்த படம் என்பேன். அனுமானுக்குக்கூட அதில் இடம் உண்டு. ராவ் கோபால ராவின் காண்ட்ராக்டர் பேசும் வசனங்களை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்போம். என் மனைவி நெல்லூர்க்காரர்.

அந்த வசனங்களை எழுதிய முள்ளபூடி வெங்கட ரமணாவுக்குக் கட்டுரையில் அரை வரிதான் கிடைத்திருக்கிறது. அது நியாயமில்லை. சிறு வயதிலிருந்தே நண்பர்கள். தெலுங்கர்கள் 'பாபு-ரமணா' என்று ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

தமிழ் வாசகருக்குச் சுவையான ஒரு விஷயத்தையும் விட்டுவிட்டீர்கள். நம் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' படத்தை 'ராதா கல்யாணம்' என்று தெலுங்கில் எடுத்தவர் பாபுதான். அப்புறம் அதையே 1983-ல் 'வோ சாத் தின்' என்று இந்திக்கும் கொண்டுபோனார். பாலக்காட்டு மாதவன் அங்கே பாட்டியாலாக்காரர் ஆகிவிட்டார். நடித்தவர் அனில் கபூர். அவரை அதற்கு முன்பே 'வம்ச வ்ருக்‌ஷம்' (1980) என்ற தெலுங்குப் படத்தில் கதாநாயகனாக்கியவரும் பாபுவே.

சின்னத்திரையைப் பற்றி 'வாய்ப்புக் குறைந்ததும் சீரியல் பக்கம் ஒதுங்கினார்' என்று எழுதியிருப்பதையும் ஏற்க முடியவில்லை. ஈ டிவியில் வந்த அவருடைய 'ஸ்ரீ பாகவதம்' தொடரை நாங்கள் விடாமல் பார்த்தோம். எனக்குத் தெலுங்கு அரைகுறை, ஆனாலும் கதை புரிந்தது. பாகவதம் கிளைக் கதைகளால் ஆனது. ஒவ்வொன்றையும் நிதானமாக விரிக்கத் தொடர்தான் தோது. அதற்கும் முன்னால், என்.டி.ஆர். ஆந்திர முதல்வராக இருந்தபோது கேட்டுக்கொண்டார் என்று பாபுவும் ரமணாவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோ பாடங்கள்கூடத் தயாரித்தார்கள். திரையின் அளவை வைத்து வேலையை மதிப்பிட்டவராக எனக்கு அவர் தோன்றவில்லை.

ஒதுங்கியவரா 2011-ல், 77 வயதில், 'ஸ்ரீராம ராஜ்ய'த்தை எடுத்தார்? இளையராஜா இசை, சீதையாக நயன்தாரா. ரமணா எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வருஷம் பிப்ரவரியில் போய்விட்டார். படம் நவம்பரில் வந்தது.

கடைசியாக ஒன்று. நாலு பக்கக் கட்டுரையில் நடிகைகள் படம் ஆறு போட்டிருக்கிறீர்கள், பாபு வரைந்த சித்திரம் ஒன்றுகூட இல்லை. அடுத்த இதழில் இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் அவர் வரைந்த ராமர் படம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை