நியூமன் படித்த பள்ளி: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஃபஷோரி லுத்தரன் கிம்னாசியம் என்னும் மேல்நிலைப் பள்ளி பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இந்தப் பள்ளியைப் பற்றி யாரும் எழுதுவதே அபூர்வம். அதனாலேயே அதிலுள்ள மூன்று பிழைகளைச் சுட்டிக்காட்டத் தோன்றியது. விட்டால் அடுத்து எழுதுபவர் அப்படியே எடுத்து எழுதுவார்.

முதலில் பெயர்ப் பட்டியல். கணிதவியலாளர் ஜான் வான் நியூமன், இயற்பியலாளர் யூஜீன் விக்னர், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ஜான் ஹர்சானி மூவரும் இங்கே படித்தவர்கள்தான். கட்டுரை அவர்களோடு சேர்த்திருக்கும் விமானவியல் அறிஞர் தியோடர் வான் கார்மானும் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லரும் அல்ல. அவர்கள் படித்தது மின்டா எனப்படும் மாதிரிப் பள்ளி. கார்மானின் தந்தை மோர் கார்மான் 1872இல் அதைத் தொடங்கினார். ஆசிரியராகப் போகிறவர்கள் வகுப்பைக் கவனித்துக் கற்றுக்கொள்வதற்கென்றே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்த பள்ளி அது. இயற்பியலாளர் லியோ சிலார்ட் மூன்றாவது வகை. லத்தீனைத் தள்ளிவைத்துவிட்டு கணிதம், வரைகலை, நவீன மொழிகளுக்கு நேரம் ஒதுக்கிய ‘ரியால்’ பள்ளியில் படித்தார். புடாபெஸ்டில் பிறந்த அறிவியலாளர் எல்லோரையும் ஒரே பள்ளியின் கணக்கில் எழுதிவிடுவது எங்கும் நடக்கும் தவறுதான், தங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, ‘1904இல் தொடங்கப்பட்டு இன்றுவரை இடைவிடாமல் நடக்கும் பள்ளி’ என்ற வரி. 1904 கட்டடத்தின் ஆண்டு. பள்ளி 1823 முதலே உண்டு. பெஸ்ட் பகுதியில் டியாக் சதுக்கத்து லுத்தரன் தேவாலயத்தை ஒட்டி நடந்துவந்தது. கவிஞர் பெட்டோஃபி சிறுவயதில் படித்ததும், யூத தேசிய இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்ட்சல் 1878இல் படிப்பை முடித்ததும் அந்தப் பழைய இடத்தில்தான். நகரப் பூங்காவுக்குப் போகும் மரவரிசைச் சாலையில் புதிய கட்டடத்தை வடிவமைத்தவர் ஷாமு பெட்ஸ். புடாபெஸ்ட் போகும் பயணிகள் எல்லோரும் நுழைந்து பார்க்கும் பெரிய சந்தைக் கட்டடமும் அவர் கைவேலையே. ‘ஃபஷோர்’ என்றால் மரவரிசை. பள்ளிக்குப் பெயர் வந்தது தெருவால். 1948இல் ஹங்கேரியில் திருச்சபைப் பள்ளிகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. இந்தப் பள்ளி இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்து, 1952இல் மூடப்பட்டது. மறுபடி திறந்தது 1989இல். இடையில் 37 ஆண்டுகள் பள்ளியே கிடையாது.

மூன்றாவதுதான் பெரிது. நியூமனை உருவாக்கியது பள்ளி மாணவர்களுக்கான கணித மாத இதழ் என்கிறது கட்டுரை. ‘கொமல்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த இதழை டானியேல் அரான்யி 1894இல் கியோர் நகரில் தொடங்கினார். ஃபஷோரியின் கணித ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ் 1896 முதல் 1914 வரை அதை நடத்தினார். முதல் உலகப் போர் மூண்டதும் இதழ் நின்றது. மறுபடி வந்தது 1925இல். விக்னர் பள்ளியை முடித்தது 1920இல், நியூமன் 1921இல். இருவரும் உயர்வகுப்புகளில் படித்த காலத்தில் தபாலில் கணக்குப் போட்டு அனுப்ப இதழே இல்லை!

அப்படியானால் என்ன நடந்தது? நியூமனின் திறமையைக் கண்ட ராட்ஸ், அவர் தந்தையிடம் பேசி, பல்கலைக்கழகக் கணிதத்தைத் தனியே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்படிச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் கணிதவியலாளர் காபோர் செகோ ஒருவர். இன்னொரு கணிதவியலாளரான மிஹாய் ஃபெகெட்டேயுடன் சேர்ந்து நியூமன் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை 1922இல் அச்சானது. ஆனால் பள்ளியில் அவரை யாரும் இரண்டு வகுப்பு தாண்டி ஏற்றிவிடவில்லை. லத்தீன், வரலாறு என்று மற்றப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தார். பள்ளி லுத்தரன் பள்ளி என்றாலும் நியூமன் போன்ற யூத மாணவர்களுக்கு இடம் இருந்தது; சமய வகுப்பு மட்டும் அவரவர் சமயப்படி தனித்தனியே. இயற்பியல் எடுத்த ஷாண்டோர் மிகோலா பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர். அத்தகையவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதை அன்று யாரும் தாழ்வாக நினைக்கவில்லை. எங்கள் கணிப்பில் நியூமனை உருவாக்கியதில் இதழைவிட இத்தகைய ஆசிரியர்களுக்குத்தான் அதிக எடை.

இதழின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மாதாமாதம் கணக்குகள் வரும். மாணவர் விடையல்ல, முழு நிரூபணம் எழுதி அனுப்ப வேண்டும். நல்ல தீர்வை எழுதியவரின் பெயர், பள்ளி, ஊரோடு அச்சிடுவார்கள். ஆண்டு முடிவில் சிறந்தவர்களின் புகைப்படங்களும் வரும். இன்றும் இதே முறைதான். ஓரளவு எளிய ‘சி’ வகைக் கணக்குக்கு 5 மதிப்பெண், மிகக் கடினமான ‘ஏ’ வகைக்கு 7. இடைப்பட்ட ‘பி’ வகையில் எத்தனை அனுப்பினாலும் சிறந்த ஆறுதான் கணக்கில் சேரும். புதிதாக அனுப்பும் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். தாளில் அனுப்பினால் ஒவ்வொரு கணக்கும் தனித் தாளில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் திருத்துவார். அடுத்தது, ஓரிரு எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எனவே எப்போதும்’ என்று முடிப்பது. அதற்கு மதிப்பெண் அநேகமாகக் கிடைக்காது.

இதே 1894இல் தொடங்கிய எட்வெஷ் கணிதப் போட்டியையும் கட்டுரை இதழோடு குழப்பியிருக்கிறது. அது பள்ளி முடித்த கையோடு எழுதும் ஒருநாள் தேர்வு. 1898இல் கார்மான் முதலிடம், 1937இல் ஹர்சானி முதலிடம். 1949 முதல் அதற்குக் கணிதவியலாளர் கூர்ஷாக்கின் பெயர். கணக்கு மூன்று, நேரம் நான்கு மணி. புத்தகம் கொண்டுபோகலாம், கொண்டுபோனவருக்கு அதனால் பெரிய பயன் கிடைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்றைய மாணவர் வாழ்க்கைக்கு ஒரே வரி தந்திருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பாடவேளை 45 நிமிடம். மதிப்பீடு 1 முதல் 5 வரை, 5தான் உயர்ந்தது. முடிவில் எரெட்செகி என்னும் பொதுத்தேர்வு: தாய்மொழி, கணிதம், வரலாறு, அயல்மொழி, விருப்பப் பாடம் ஒன்று. அதை எழுத 50 மணி நேரச் சமூகப் பணியும் முடித்திருக்க வேண்டும். நடுத்தரக் கடினத்திலான கணிதத் தாளில் முதல் பகுதி 45 நிமிடம், 30 மதிப்பெண். இரண்டாம் பகுதி 135 நிமிடம், 70 மதிப்பெண். கடைசி மூன்று கணக்குகளில் இரண்டு போதும். விட்டுவிடும் கணக்கின் எண்ணை அதற்கான கட்டத்தில் குறிக்க வேண்டும். குறிக்க மறந்து மூன்றையும் எழுதி வைத்தால் கடைசியான 18ஆவது கணக்கைத் திருத்தமாட்டார்கள், அதுதான் முழுக்கச் சரியாக இருந்தாலும்.

பள்ளியை விட்டுப் போகும் நாளில் இறுதியாண்டு மாணவர்கள் முன்னால் போகிறவர் தோளில் கை வைத்து, பாடிக்கொண்டே வகுப்பு வகுப்பாகச் சுற்றி வருவார்கள். தோளில் ஒரு சிறு துணிப்பை தொங்கும். அதில் போகாச்சா என்ற உப்பு ரொட்டி, கொஞ்சம் மண், ஒரு நாணயம். ஆசிரியரை ‘டானார் ஊர்’ என்று அழைப்பார்கள், ‘ஆசிரியர் ஐயா’ என்பதுபோல. சிறந்த அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு 2000இல் நிறுவப்பட்ட வாழ்நாள் விருதின் பெயரும் ‘ராட்ஸ் ஆசிரியர் ஐயா விருது’ என்றே இருக்கிறது.

இடம் இருந்தால் முழுத் திருத்தமும் வெளியிடுங்கள். இல்லையென்றால் கார்மான், டெல்லர் இருவரையும் மின்டாவுக்கு மாற்றி, 1952 முதல் 1989 வரையிலான இடைவெளியையாவது குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்