ஃபோர்க் தொங்கலை அவிழ்க்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

பைத்தான் நிரல் ஃபோர்க் வழியாக, அதாவது தன்னையே நகலெடுத்து, புதிய ப்ராசஸ் (தனியாக ஓடும் நிரல்) ஒன்றைத் தொடங்கும் நேரத்தில் எங்கள் டீபக்கர் (நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) உறைந்து நின்றுவிடும் சிக்கல் தீர்ந்துவிட்டது. திருத்தம் மிகச் சிறியது; அதை எங்கே செய்ய வேண்டும் என்று காட்டியவர்கள் நீங்கள். யாருடைய உதவி எந்த முடிச்சை அவிழ்த்தது என்பதை விவரமாகச் சொல்லியே நன்றி கூற விரும்புகிறோம். இதே இடத்தில் மாட்டிக்கொள்ளும் அடுத்தவருக்கும் அது உதவும்.

முதல் நன்றி, தொங்கிய நிரலைக் கொன்றுவிடாமல் அப்படியே விட்டுவைத்து ஸ்டாக் (நிரல் எந்த அழைப்புகள் வழியாக எந்த வரியில் வந்து நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்து அனுப்பியவர்களுக்கு. 'ஹேங் ஆகிறது' என்ற ஒரு வரியிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் தாய் ப்ராசஸ், அது தொடங்கிய சேய் ப்ராசஸ் இரண்டிலும் பை-ஸ்பை என்ற ஆய்வுக் கருவியின் டம்ப் கட்டளையை ஓட்டி, எல்லா த்ரெட்களின் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகளின்) ஸ்டாக்கையும் அனுப்பினீர்கள். தாயில் நான்கைந்து த்ரெட்கள். சேயில் ஒன்றே ஒன்று. அதுவும் எங்கள் மெசேஜ் கியூவின் (அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசை) லாக்குக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்காக, காத்துக்கிடந்தது. லாக்கைப் பிடித்திருந்த ரைட்டர் த்ரெட் சேயில் இல்லவே இல்லை. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

ஃபோர்க் நினைவகம் முழுவதையும் நகலெடுக்கும். த்ரெட்களில் ஃபோர்க்கை அழைத்த ஒன்றை மட்டுமே சேய்க்குக் கொண்டுபோகும். வேறொரு த்ரெட் அந்த நொடியில் பிடித்திருந்த லாக், பூட்டிய நிலையிலேயே சேய்க்குப் போய்ச்சேரும். திறக்க வேண்டியவர் அங்கே இல்லாததால் அது என்றைக்கும் திறக்காது. பயனரின் நிரலில் ஒரே த்ரெட் இருந்தாலும் இது நடக்கும்; ஏனென்றால் டீபக்கர், எடிட்டரோடு செய்தி பரிமாறும் தன் ரீடர், ரைட்டர் த்ரெட்களை அதே ப்ராசஸுக்குள் ஓட்டுகிறது. பல த்ரெட் உள்ள ப்ராசஸில் ஃபோர்க் செய்தால் பைத்தான் 3.12 முதல் வரும் எச்சரிக்கை, டீபக்கரோடு ஓட்டும்போது மட்டும் வருகிறது என்று ஒருவர் கவனித்து எழுதியிருந்தார். பழி பயனரின் நிரல் மேல் இல்லை, எங்கள் மேல்தான் என்பதை அந்த ஒரு குறிப்பே உறுதிசெய்தது.

பிட்ரேஸ் அனுமதி (வேறொரு ப்ராசஸின் உள்ளே பார்க்க பை-ஸ்பைக்குத் தேவையானது) கிடைக்காத இடங்களிலிருந்தும் ஸ்டாக் வந்தது. ஸ்டாக்கை அச்சிடும் பைத்தான் மாட்யூலான ஃபால்ட்ஹேண்ட்லரை நிரலின் தொடக்கத்திலேயே யூசர்1 சிக்னலோடு (வெளியிலிருந்து ப்ராசஸுக்கு அனுப்பும் ஓர் அறிவிப்பு) இணைத்து, தொங்கியதும் அந்தச் சிக்னலை அனுப்பியிருக்கிறீர்கள். பைத்தான் மட்டத்தில் லாக் சிக்கிக் கிடந்தாலும் அது வேலை செய்யும். நாங்கள் இப்போது எல்லோருக்கும் பரிந்துரைக்கும் வழியும் இதுதான்.

அடுத்த நன்றி, திருத்தத்தை வரிவரியாக வாசித்தவர்களுக்கு. ஃபோர்க்குக்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஃபங்ஷன்களை (ஹூக்குகளை) பதிவுசெய்யும், ஓஎஸ் மாட்யூலின் ரெஜிஸ்டர் அட் ஃபோர்க் பைத்தான் 3.7 முதல் இருக்கிறது. ஃபோர்க்குக்கு முன் லாக்கைப் பிடி, பின் தாயிலும் சேயிலும் தனித்தனியே விடு என்பதுதான் எங்கள் முதல் வடிவம். இது இன்னொரு டெட்லாக்கை (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நிற்பதை) உண்டாக்கும் என்று நீங்கள் காட்டினீர்கள். ரைட்டர் த்ரெட் லாக்கைப் பிடித்தபடியே சாக்கெட்டில் (எடிட்டருக்கான இணைப்பில்) எழுதிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் இருக்கும் எடிட்டர் படிக்காமல் தாமதித்தால் எழுதுவது நிற்கும், லாக் விடுபடாது, ஃபோர்க்கும் நிற்கும். இப்போது ரைட்டர் லாக்கைப் பிடித்துச் செய்தியை கியூவிலிருந்து எடுத்து, லாக்கை விட்ட பிறகே அனுப்புகிறது. பல லாக்குகள் இருந்தால் வரிசையும் முக்கியம்: ஃபோர்க்குக்கு முன் ஓடும் ஹூக்குகள் பதிவுசெய்த வரிசைக்குத் தலைகீழாகவும், பின் ஓடுபவை பதிவுசெய்த வரிசையிலும் அழைக்கப்படும்.

சாக்கெட் விஷயத்தில் கிடைத்த எச்சரிக்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சேய்க்குத் தாயின் சாக்கெட்டும் நகலாக வருகிறது. இருவரும் அதில் எழுதினால் செய்திகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எடிட்டர் நீளக் கணக்குத் தப்பிக் குழம்பும். ஆகவே சேயில் அதை மூட வேண்டும். ஆனால் குளோஸ் மட்டும்தான், ஷட்டவுன் கூடவே கூடாது. குளோஸ் சேயின் பிடியை மட்டும் விடும். ஷட்டவுன் இணைப்பையே முறித்துவிடும், தாயும் துண்டிக்கப்படும். அதன் பிறகு சேய் புதிய இணைப்பைத் திறந்து, புதிய ரீடர், ரைட்டர் த்ரெட்களைத் தொடங்குகிறது.

டீபக் கன்சோலில் (நிறுத்திய நிரலுக்குள் வரிகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் இடம்) மட்டும் தொங்கிய வகை இதிலிருந்து வேறு. அங்கே சப்ப்ராசஸை ஓட்டும் வரியை ஒருவர் தட்டச்சு செய்கிறார். சேய் எடிட்டரின் இணைப்புக்காகக் காத்திருக்கிறது. தாய் சேய் முடியும்வரை காத்திருக்கிறது. எடிட்டரோ தாயின் விடைக்குக் காத்திருந்து, புதிய செஷனைத் தொடங்காமல் இருக்கிறது. இது மூவர் சுற்றிக் கட்டிய முடிச்சு; எந்த ஒரு ப்ராசஸின் ஸ்டாக்கை மட்டும் பார்த்தாலும் தவறே தெரியாது. எடிட்டரின் நெறிமுறைப் பதிவையும் சேர்த்து அனுப்பியதால்தான் பிடிபட்டது. கன்சோல் வரி ஓடும் நேரத்தில் பிறக்கும் சேய்களோடு இனி டீபக்கர் இணையாது.

சோதித்தவர்களுக்கு: லாக்கைப் பிடித்த இடத்தில் 0.05 நொடி ஸ்லீப் வைத்து, ஒரு த்ரெட் இடைவிடாமல் அச்சிட, இன்னொன்று சுழற்சியில் ஃபோர்க் செய்யும்படி நீங்கள் எழுதிய சிறிய நிரல் எங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழையை அது கூப்பிட்டவுடன் வரவைத்தது. சேயைத் தொடங்கும் வழிகளான ஃபோர்க், ஸ்பான், ஃபோர்க்சர்வர் மூன்றிலும் அதை ஓட்டுகிறோம். லினக்ஸில் பைத்தான் 3.14 முதல் மல்ட்டிப்ராசஸிங்கின் இயல்புத் தேர்வு ஃபோர்க்சர்வர். அங்கே தொங்கவில்லை என்பதால் மட்டும் பிழை போய்விட்டதாகக் கொள்ள முடியாது.

சில அறிக்கைகளில் தவறு டீபக்கருடையது அல்ல என்று நீங்களே பிரித்துத் தந்ததும் பெரிய உதவி. மல்ட்டிப்ராசஸிங் கியூவில் சேய் போட்டதை எடுக்காமல் தாய் ஜாயின் செய்தால் (சேய் முடியக் காத்திருந்தால்) டீபக்கர் இல்லாமலும் தொங்கும். அந்தத் தரவு போகும் வழியான பைப்பின் இயல்புக் கொள்ளளவு லினக்ஸில் 65,536 பைட். சிறிய தரவு அதில் அடங்கிவிடும், பெரியது நிரப்பி நிற்கும். முதலில் எடுங்கள், பிறகு ஜாயின் செய்யுங்கள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு: ப்ரிஎக்ஸெக் ஃபங்ஷனுக்குள் (எக்ஸெக், அதாவது சேய் புதிய நிரலாக மாறுவது, நடப்பதற்கு முன் சேயில் ஓடுவது) பிரேக்பாயிண்ட் (டீபக்கர் நிறுத்த வேண்டிய இடம்) வைப்பது. எக்ஸெக் நடக்கும்வரை தாய் பிழைப் பைப்பைப் படித்தபடி நிற்பதால் அங்கே பாதுகாப்பாக நிறுத்த வழியில்லை. அந்த ஃபங்ஷனைக் கைவிட்டு, புதிய செஷனுக்கான ஆர்க்யூமென்ட்டுக்கும், 3.9 முதல் உள்ள யூசர், குரூப், யூமாஸ்க் ஆகியவற்றுக்கும், 3.11 முதல் உள்ள ப்ராசஸ் குரூப்புக்கும் தங்கள் நிரலை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தை எங்கள் ஆவணத்துக்கு எடுத்துக்காட்டாகவும் தந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
டீபக்கர் பராமரிப்புக் குழுவினர்