இனி ‘ஒண்ணும் ஆகாது’ கிடையாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

இனிமேல் நீ ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, “இன்னைக்கு மீட்டிங்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டால், “ஒண்ணும் ஆகாது, தூங்கு” என்று சொல்லப்போவதில்லை. கோபம் வரும், வரட்டும். நான் சொன்னதும் உனக்கு அரை மணி நேரம் நிம்மதி. மறுநாள் அதே கேள்வி, ஆள் மட்டும் வேறு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி.யில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைத் தினமும் பார்த்தவள் நான். பயம் வரும்போதெல்லாம் அடுத்தவர் வாயால் தைரியம் கேட்டு வாங்கிப் பழகிவிட்டால், பயம் தானாக அடங்கும் என்பதைத் தெரிந்துகொள்ள மனசுக்கு வாய்ப்பே கிடைக்காது. கூட வரும் அம்மாக்களிடம் டாக்டர்கள் சொன்னதையே இப்போது நானும் செய்கிறேன். நீ கேட்டால் “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்பேன். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

“யோசிச்சுட்டே இருந்தேம்மா, விடிஞ்சிடுச்சு” என்கிறாய். யோசித்து முடிக்கும்போது செய்வதற்கு ஒரு வேலையாவது மிஞ்சியதா என்று பார். யாரிடமாவது பேசுவது, ஒரு மெயில் போடுவது, ஏதாவது ஒன்று. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் ராத்திரி முழுக்க அசைபோட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் சூசன் நோலன்-ஹாக்சிமா என்ற உளவியல் பேராசிரியர், மனசு சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபரில், அங்கே பெரிய நிலநடுக்கம். அதே மாணவர்களிடம் திரும்பவும் போய் விசாரித்தார். எல்லோருக்கும் ஆடியது ஒரே பூமிதான். ஆனால் தன் சோர்வையே தோண்டித் தோண்டிப் பார்க்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு, ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது.

இதை வாசிக்கும்போது எனக்கு எர்ணாவூர்தான் ஞாபகம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சித்தி வீட்டுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்ததே. சித்தி வீட்டுச் சுவரிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் கறுப்புக் கோடு ஒரே உயரம். சித்தி அழுதாள், திட்டினாள், அழுதுகொண்டே பாத்திரங்களைத் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பொங்கல் தாண்டியும் வாசற்படியில் உட்கார்ந்து, “சர்டிஃபிகேட்ட மேல தூக்கி வெச்சிருக்கணும், ஏன் வெக்கல?” என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோழை இல்லை, பாப்பா. தெருவே எழுந்திருக்காத நேரத்தில் போய் மீன் எடுத்து வந்து விற்பவள். அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். சித்தி கூட்டிக்கொண்டு போய் நகல் சர்டிஃபிகேட்டுக்கு மனு எழுத வைத்தாள். தாசில்தார் ஆபீஸுக்கு அலைய ஆரம்பித்த பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது.

“சரி, நினைக்காம இருக்கேன்” என்று மட்டும் சொல்லாதே. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று சொன்ன கதை உனக்குத் தெரியும். 1987-ல் வெக்னர் என்ற உளவியலாளர் அதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் விரட்டாதே, தள்ளிப்போடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கிவை. ராத்திரி வருவதை ஒரு சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, நாளைக்கு ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம் என்று வைத்துவிடு. ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் சப்பென்று இருக்கும்.

போன வாரம் உன் மேனேஜர் “நாளைக்குப் பேசணும்” என்று மெசேஜ் போட்டார் இல்லையா? வந்தது அந்த இரண்டு வார்த்தை. “வேலையை விட்டு எடுக்கப்போறாங்க” என்பது நீ சேர்த்தது. இப்படி நாம் கேட்காமலே மனசுக்குள் ஓடுகிற எண்ணங்களைப் பிடித்து, சாட்சி எங்கே என்று கேட்கும் முறையை 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல டாக்டர் உருவாக்கினார். ஒரு நோட்டில் இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் நீ சேர்த்தது. உடனே எதையும் நம்பிக்கையாக மாற்றி எழுத வேண்டாம். உன் பெரியம்மா தினமும் அனுப்பும் சூரிய உதயப் படமும் ‘பாசிட்டிவ்வா இரு’வும் எனக்கு எரிச்சல்தான். பொய்யாகச் சிரிக்கச் சொல்கிறது அது. நான் சொல்வது கணக்கைச் சரியாக எழுது என்று மட்டும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகாது. எதிர்வீட்டு அண்ணன் கையில் காசு இல்லை, வட்டிக்காரன் வந்து வந்து போகிறான். ஆனாலும் காலையில் ஏழு மணிக்கெல்லாம் தெருவில் வலையை விரித்துவிடுகிறார். கிழிசலின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை ஒரு வலைக்கண்ணில் விட்டு அடுத்த கண்ணில் வாங்கி, முடிச்சைப் பல்லால் இறுக்கி, நிமிர்ந்து பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறார். பைக்கில் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போகிறார்கள். “வீட்ல குந்திக்கினு இருந்தா மண்ட காயுதுக்கா” என்றார். மனச்சோர்வுக்கு டாக்டர்கள் சொல்வதும் இதுதான்: மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே, முதலில் எழுந்திரு, மனசு மெதுவாகப் பின்னால் வரும்.

ஆபீஸில் எல்லோரோடும் சாப்பிடப் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். தப்பித்த அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த தடவை போவது இன்னும் கஷ்டமாகும். வாரத்தில் இரண்டு நாளாவது போய் உட்கார். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இதெல்லாம் பழக்கத்தின் கணக்கு மட்டும்தான். கடன், தனிமை, ராத்திரி ஷிஃப்ட், உடம்பு எல்லாமே மனசைப் படுத்தும். எல்லாம் உன் நினைப்புதான் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது நானாக இருந்தாலும். சோர்வோ, எதிலும் பிடிப்பில்லாமையோ அநேகமாகத் தினமும், நாள் முழுக்க, இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதினால் சாப்பிடு. மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நீயாக நிறுத்தாதே. சாகலாம் போல் ஒரு நினைப்பு வந்தால் மட்டும் ஆறு மணிக்கணக்கெல்லாம் கிடையாது, எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

இந்தச் சனிக்கிழமை தைராய்டும் ஹீமோகுளோபினும் பரிசோதனைக்குக் கொடு. உனக்கு முடி கொட்டுவதும் எப்போது பார்த்தாலும் அசதி என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. நார்மலா என்று கூகுளில் தேடிக்கொண்டு உட்காராதே, நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
புதுவண்ணாரப்பேட்டை