டயர் வாங்குவதற்கு முன்

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையோடு சாமி விளக்கை ஏற்றிவிட்டார். பிள்ளைக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு. இங்கே ஹட்டனில் மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

உன் கடைசிப் பந்திதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. காரின் பின் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிகிறது, அடுத்த கிழமை புது டயர் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போடத்தான் வேண்டும். கம்பி தெரியும் டயரோடு பெரகலை இறக்கத்தில் இறங்கவே இறங்காதே. ஆனால் தேய்ந்ததற்குக் காரணம் தெரியாமல் புதியதைப் போட்டால், அதுவும் இதே கதிக்குத்தான் வரும். காசு இரண்டு முறை போகும்.

கழற்றிய டயர்களைக் கடையில் விட்டுவிட்டு வராதே. எது இடது, எது வலது என்று சோக்கால் எழுதி, வெளிச்சத்தில் வைத்துப் பார். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவு. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் அரத்தைத் தடவியது போலவும் இருந்தால், சில்லு ஓடும் திசைக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள். முன்பக்கம் வெளியே திரும்பிய சில்லு, உருளும்போதே கொஞ்சம் இழுபட்டு, உள் விளிம்பை அரைத்துக்கொண்டே போகும். டயரை இவ்வளவு வேகமாகத் தின்னும் கோளாறு வேறு இல்லை. இரு திசையிலும் வழுவழுப்பாக, உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், சில்லின் தலை, அதாவது மேல்பகுதி, உள்ளே சாய்ந்திருக்கிறது. சுற்றிலும் விட்டு விட்டுக் குழி விழுந்திருந்தால் முதலில் சில்லு துள்ளாமல் அடக்கும் ஷாக் அப்சோபரைப் பார். காற்றுக் கூடினால் நடுப்பகுதியும் குறைந்தால் இரு ஓரங்களும்தான் தேயும். அதனால் உன் விஷயத்தில் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

அடுத்ததாக, இரண்டு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? இதை நீ எழுதவில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப்படுகிறது. உன் டொயோட்டா 110 கொரோலாவில் பின் சில்லுகளுக்கு ஒரே அச்சு கிடையாது. ஒவ்வொன்றும், அதைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் தனித்தனி இரும்புக் கைகளில் நிற்கிறது. ஒரு பக்கத்து டயர் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் வெடித்திருக்கும், அல்லது மதகிலோ குழியிலோ மோதிக் கை வளைந்திருக்கும். நேரான வீதியில் ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதுவும் ஒரு சாட்சி. இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால், மரக்கறி மூட்டைகளை டிக்கியில் அடுக்கி நீ இத்தனை வருடம் கொழும்புக்கு ஓடியதை நினைத்துப் பார். ஸ்ப்ரிங் தளர்ந்து பின்பக்கம் தாழ்ந்தால் சில்லுகளின் தலை தானாகவே உள்ளே சாயும்.

என் காரில் சென்ற வருடம் இடது பின் டயர் மட்டும் போனது. ஒரு கராஜில் முன் சில்லுகளுக்கு மட்டும் அலைன்மென்ட் செய்து, அதாவது அவை நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்து, எல்லாம் சரி என்று பில்லையும் நீட்டினார்கள். தேய்ந்தது பின்னால், பார்த்தது முன்னால்! இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. பிறகு எங்கள் மெக்கானிக் பாஸ் காரைத் தூக்கி நிறுத்தி, பின் கையை ஒரு நெம்புகோலால் அசைத்துக் காட்டினார். புஷ்ஷின் ரப்பர் வட்டமாகக் கிழிந்து, கை அங்கும் இங்கும் ஆடியது. புது புஷ் போட்டபோது அவர் செய்ததை நீயும் கவனித்துச் செய்விக்க வேண்டும்: காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சில்லுகளின் மேல் வந்த பிறகுதான் ஆணியைக் கடைசியாக முறுக்கினார். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். நான்கு சில்லுகளுக்கும் செய்யும் இடமாகப் பார்த்துப் போ, செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சடித்துக் கேட்டு வாங்கு. ஆடும் புஷ்ஷை வைத்துக்கொண்டு அளப்பது வீண்.

புது டயர் இரண்டையும் பின்னால்தான் போட வேண்டும். முன் சில்லுதானே இழுக்கிறது, புதியதை முன்னால் போடு என்று டயர் கடையில் சொல்வார்கள். கேட்காதே. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து, பின் சில்லுகள் இலேசாகிவிடும். ஈர வளைவில் அவை பிடியை விட்டால் காரின் வால் சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை வைத்து அதைச் சமாளிப்பது கடினம். நம் வீதிகளில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலையில் இந்தக் காரை நீ விற்காமல் வைத்திருந்தது நல்ல காரியம். தடை நீங்கிய பின்னும் புதுக் கார் நம் கைக்கு எட்டுவதாக இல்லை, இதையே கவனமாகப் பார்த்துக்கொள்வோம். டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு இரவு எனக்கு அழைப்பு எடு. எந்தப் பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் பாஸிடம் கேட்டு வைக்கிறேன். புஷ் தேவைப்பட்டால் இங்கிருந்தே வாங்கிப் பஸ்ஸில் அனுப்பலாம்.

அன்புடன்,
உன் நண்பன்